உட்கார மறுத்த இயக்குநர்

மௌனம்தான் என் ஆயுதம். மற்ற துப்பறிவாளர்களிடம் துப்பாக்கி இருக்கும், பூதக்கண்ணாடி இருக்கும், காவல்துறையில் சொந்தக்காரர் இருப்பார். என்னிடம் மௌனம் இருக்கிறது. எதிரில் இருப்பவரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். தாங்க முடியாமல் அவர் உண்மையைக் கக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை கக்கியவர் யாருமில்லை. எழுந்து போனவர்கள் உண்டு.

அன்று முற்பகலும் என் அலுவலகத்தில் மௌனம்தான் நிலவியது. வாடிக்கையாளர் யாரும் வராததால் உண்டான மௌனம் அது. நான் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்து அதே பக்கத்தை நெடுநேரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் என் அக்கா மகள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் என் உதவியாளர். முன்பு ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தவள். வாடிக்கையாளர்களிடம் உண்மையைப் பேசியதற்காக வேலை போனது. உண்மை பேசும் ஆள் துப்பறியும் தொழிலுக்கு உதவும் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டேன். அவள் பேசும் உண்மையெல்லாம் என்னைப் பற்றியதாகவே இருக்கும் என்று அப்போது தெரியாது.

"மாமா, பக்கத்தைத் திருப்புங்க. அதுக்குக் காலு மரத்துப் போயிருக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. எதிர்ச் சாரியில் இருக்கும் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பேசினார். ஒரு பொருள் திருட்டுப் போயிருக்கிறதாம். போலீஸுக்குப் போவதற்கு முன்னால் சத்தமில்லாமல் விசாரிக்க ஆள் வேண்டுமாம்.

"என்னுடைய முந்தைய வழக்குகளைப் பற்றிக் கேள்விப்பட்டு..." என்று தொடங்கினேன்.

"இல்ல. ஜன்னல்ல இருந்து பார்த்தா உங்க போர்டு தெரியுது," என்றார் அவர்.

சாலையைக் கடந்து போனோம். வாசலில் ஒரு பள்ளிப் பேருந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் ஸ்டியரிங்கின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு எங்களை வெறித்தார். நான் மதிக்கும் வகையான மௌனம் அது. ஒரு நொடி கழித்து ஹாரனை அழுத்தினார்.

இயக்குநர் தன் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். கோட்டு போட்டிருந்தார். டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் தலைமுடி மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. இடது காதுக்கு மேலே புறப்பட்ட கொஞ்ச முடி, உச்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வலது காதுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. ஏக்கத்தோடு பார்த்தேன். என் தலையில் அப்படிப் புறப்படக்கூட ஆள் இல்லை.

"முதல்ல உட்காருங்க சார். நிதானமாச் சொல்லுங்க," என்றேன்.

"உட்கார்ற நிலைமையிலயா இருக்கேன்?"

அவர் என் காதருகே குனிந்து, காணாமல் போன பொருள் எதுவென்று சொன்னார். எலும்பில் செதுக்கிய சீப்பு. இந்த அருங்காட்சியகத்தில் இருப்பவற்றிலேயே பழையது. அதைச் செய்த கைகளும், அதைப் பிடித்திருந்த கைகளும், அதன் ஊரும் மண்ணாகி யுகங்களாகிவிட்டன.

"என்ன பொருள்னு வெளியில மூச்சு விடக்கூடாது. ஸ்கூல் டீச்சருக்கும் தெரியாது, பசங்களுக்கும் தெரியாது. பொருள் காணோம்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். எங்க வழிகாட்டிப் பொண்ணு வாயையும் கட்டிப் போட்டிருக்கேன். விஷயம் தெரிஞ்சா எடுத்தவன் ஒளிச்சு வச்சிடுவான்ல?"

"மிகச் சரியான முடிவு," என்றேன். எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது. மௌனத்தின் அருமை தெரிந்த மனிதர்.

"அப்போ பசங்க பையில எதைத் தேடுனீங்க?" என்று கேட்டாள் என் அக்கா மகள்.

"பொருளை."

"என்ன பொருள்னு சொல்லாமலா?"

இயக்குநர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யார் எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "ஒரு சின்னப் பொண்ணு. ஷோகேசுக்குள்ள கை விட்டதைக் காவலாளி பார்த்திருக்கான். கேட்டா எடுக்கவே இல்லைன்னு சாதிக்குது. அந்த பஸ் கிளம்புறதுக்குள்ள பொருள் வரணும். வரலைன்னா போலீஸுக்குப் போன் பண்ணி அந்தப் பொண்ணு பேரைத்தான் கொடுப்பேன். நாளையிலிருந்து எந்த ஸ்கூலும் இந்த வாசப்படி மிதிக்காது."

"நீங்க கொஞ்சம் உட்காருங்க சார்," என்றேன் மறுபடியும். அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

அவர் எங்களை அழைத்துப் போன வீட்டுப் பொருட்கள் கூடத்தில் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் வகுப்பு. ஒவ்வொரு தலையிலும் நேர்வகிடு, கோடு போட்டது போல. அவர்களுக்கு முன்னால் வகுப்பாசிரியை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சற்றுத் தள்ளி, கழுத்தில் சாவிக்கொத்து மாட்டிய இளம்பெண் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவள்தான்.

வரிசையில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. அந்த இடைவெளிக்கு நடுவே ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. சட்டையில் 'கழுகுக் கண்' என்று எழுதிய அட்டை வில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அவள் பாவாடை தங்கள் மேல் பட்டுவிடாதபடி நகர்ந்திருந்தார்கள். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

உடனே ஆயுதத்தை எடுத்தேன். பிள்ளைகளின் முன்னால் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தேன். கூடம் அமைதியானது. அமைதி ஆழமானது. அது இன்னும் ஆழமாகும் என்று காத்திருந்தேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மிஸ், இந்தத் தாத்தா நின்னுக்கிட்டே தூங்குறாரா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. என் அக்கா மகளும் சேர்ந்துகொண்டாள்.

ஆயுதத்தை வழிகாட்டியின் பக்கம் திருப்பினேன். அவளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணில் பயம் இருந்தது. மௌனத்தை வாசிப்பதில் எனக்குப் பல வருடப் பயிற்சி உண்டு. குற்றவாளி இவள்தான் என்று முடிவு கட்டினேன்.

"அவங்க பேசக்கூடாதுன்னு மேலதிகாரி சொல்லியிருக்கார் மாமா," என்று காதில் கிசுகிசுத்தாள் அக்கா மகள். "நீங்க பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. எதாவது கேளுங்க."

முடிவைத் தற்காலிகமாகத் தளர்த்தினேன். "இங்கே என்ன நடந்தது?"

வழிகாட்டி இயக்குநரை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லப் பேசினாள். "ஒரு விளையாட்டு சார். பசங்க சும்மா நடந்து போனா எதையும் பார்க்க மாட்டாங்க. அதனால ஒவ்வொரு ஸ்கூல் வரும்போதும் இந்த ஷோகேசுல பழைய பொருளுக்கு நடுவுல, இந்தக் காலத்துப் பொருள் ஒண்ணை நைசா வச்சிடுவேன். எது இங்க இருக்கக்கூடாததுன்னு அவங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு நான் கதவைத் திறந்து விடுவேன். அதுவே கையால எடுத்து அந்தக் கூடையில போடணும். அப்புறம் பேட்ஜ் குத்துவோம்."

மூலையில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. அதன் மேல் 'இன்று' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"இன்னைக்கும் கண்டுபிடிச்சாங்களா?"

"கண்டுபிடிச்சிட்டாங்கன்னு மிஸ் சொன்னாங்க. நான்..." அவள் நிறுத்திக்கொண்டாள். சாவிக்கொத்தை இறுகப் பிடித்தாள். "நான் அப்போ இங்க இல்ல. வெளிப்படிக்கட்டுல போட்டோ எடுக்கணும், இடம் பாருன்னு சார் கூப்பிட்டார். சாவியை மிஸ்கிட்ட கொடுத்துட்டுப் போனேன். கொடுத்திருக்கக் கூடாது. தப்புதான்."

"சாவியை வெளியாள் கையில கொடுத்தியா!" என்று இயக்குநர் அலறினார்.

"நீங்கதான் சார் ஓடி வா ஓடி வான்னீங்க."

"சார், உட்காருங்க, உட்காருங்க," என்று நான் ஒரு நாற்காலியையே தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் போட்டேன். அவர் அதை உதறிவிட்டு நடந்தார். நான் எவ்வளவு பெரிய கெடுதலுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வகுப்பாசிரியை முன்னால் வந்தார். "சார், நான் பக்கத்துலயேதான் நின்னேன். இந்தப் பொண்ணு எடுத்தது அந்த டூப்ளிகேட் பொருளை மட்டும்தான். நேரா கூடையில போட்டா. இவ அப்படிப்பட்ட பிள்ளை இல்ல. பையைக் கொட்டித் தேடினப்போ, அதுல இருந்து கடிச்சு வச்ச பென்சில்தான் விழுந்துச்சு. அதுக்கே மத்த பிள்ளைங்க ஒரு மாதிரி பார்க்குதுங்க."

வெளியே ஹாரன் அடித்தது.

நான் காட்சிப்பெட்டியின் அருகே போனேன். சிந்திப்பது போலத் தெரிய வேண்டிய கட்டம் அது. கண்ணாடிக்குப் பின்னால் மண்விளக்கு, கல் உரல், செம்புக் கண்ணாடி, மரக்கரண்டி. நடுவில் ஒரு வெற்றிடம், சீப்பு இருந்த இடம். என் மனம் அந்த மரக்கரண்டியில் போய் நின்றது. அடி கருகி, கைப்பிடி தேய்ந்து, விளிம்பில் ஒரு வெடிப்போடு கிடந்தது அது. காலம் என்பது இதுதான் அல்லவா? எந்த அடுப்பின் நெருப்பு இதைத் தீண்டியது? எந்தத் தாய், எந்தப் பசிக்கு, இதைக் கொண்டு கிளறினாள்? அரசுகள் போயின. கரண்டி இருக்கிறது. என் கண்கள் லேசாகக் கலங்கின.

"என்ன மாமா?"

"இந்தக் கரண்டியைப் பார். இதுக்கு முன்னாடி நாமெல்லாம் தூசு."

அக்கா மகள் வழிகாட்டியிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்து, கரண்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை இழுத்தாள்.

"மாமா, அந்தக் காலத்துலயே எலுமிச்சை வாசனையில பாத்திர சோப்பு இருந்துச்சா?"

நான் முகர்ந்தேன். சந்தேகமேயில்லை. வீட்டில் தினமும் இரவு என் கையில் வரும் வாசனை அது.

வழிகாட்டி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியது. "ஐயோ! இது என் வீட்டுக் கரண்டி! போன வாரம் அடுப்புல வச்சிட்டுப் போன் பேசினேன், கருகிடுச்சு. பழசு மாதிரி இருக்கேன்னு நேத்து கழுவி எடுத்துட்டு வந்து வச்சேன். இதைத்தான் இன்னைக்குக் கண்டுபிடிச்சிருக்கணும். ஓட்டமா வந்து பூட்டினப்போ கவனிக்கல. அப்புறம் பார்த்தப்போ காலி இடம்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

என் அக்கா மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அந்தத் தாயும் அந்தப் பசியும் எனக்குள் மெல்லக் கரைந்து போக நேரம் கொடுத்தாள்.

பிறகு சிறுமியின் முன்னால் போய், தரையில் அவளைப் போலவே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "கண்ணு, நீங்க கண்டுபிடிக்க வேண்டிய கரண்டி இன்னும் உள்ளேயே இருக்கு. அப்போ நீ எதை வெளிய எடுத்த?"

"பேசாதே! பொருள் பேர் வெளிய வரக்கூடாது!" என்றார் இயக்குநர்.

"சார், பேர் வந்தாத்தான் பொருள் வரும்," என்றாள் அக்கா மகள். "நீ சொல்லுடா."

சிறுமி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சீப்பு."

"ஏன் அதை எடுத்த?"

"அதுல ஒரு பல்லு இல்ல. எங்க வீட்டுச் சீப்புலயும் இல்ல. அப்புறம் அது எப்படிப் பழசாகும்?"

"நானும் சரின்னுதான் சொன்னேன்," என்றார் வகுப்பாசிரியை, குரல் இறங்கிப்போய். "அவ்வளவு பளபளப்பா இருந்துச்சு. அது கூடையில இருந்துச்சா... போட்டோவுக்கு வெளிய போனா ஒரே காத்து. பிள்ளைங்க தலையெல்லாம் காக்காய் கூடு. இருந்த சீப்புதானேன்னு..."

அவர் முடிக்கவில்லை. வகுப்பே எழுந்து நின்று முடித்தது.

"அதுலதான் மிஸ் எனக்குத் தலை வாரினாங்க!"

"எனக்கும்!"

"எனக்குச் சிக்கெடுத்தாங்க!"

எல்லா நேர்வகிடுகளும் என்னைப் பார்த்து நகைத்தன. வந்த நிமிடத்திலிருந்து அவை என் முன்னால்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாராவது ஒருவர் 'சீப்பு' என்று உரக்கச் சொல்லியிருந்தால் வழக்கு அப்போதே முடிந்திருக்கும். இயக்குநர் மௌனம் காக்கச் சொன்னார். நான் அதைப் பாராட்டினேன். இதைவிடப் பொருத்தமான இருவர் ஒரு தெருவின் இரு பக்கமும் அமைவது கடினம்.

"இப்போ எங்க அது?" என்றார் இயக்குநர். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கடைசிப் பிள்ளைக்கு வாரிட்டு நிமிர்ந்தேன். யாரோ கை நீட்டினாங்க, கொடுத்துட்டேன்," என்றார் ஆசிரியை. "வரிசை சரி பண்ற அவசரம். யாருன்னு பார்க்கல சார்."

வழிகாட்டி தன் கைபேசியை நீட்டினாள். இரண்டு படங்கள். முதலாவது, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தது. இரண்டாவது, அருங்காட்சியகத்தின் ஆண்டு மலருக்காக எடுத்தது. பிள்ளைகளின் நடுவே இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரில் இருப்பது கேமராவா கம்பமா என்று தெரியாத ஒரு புன்னகையோடு நின்றிருந்தார்.

அவளும் அக்கா மகளும் பிள்ளைகளின் கைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நான் கைகளைப் பார்க்கவில்லை. வழுக்கைத் தலையனுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தவனிடம் அவன் முதலில் பார்ப்பது முடியைத்தான். என் வாழ்நாள் பொறாமை அன்றுதான் முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

முதல் படத்தில் இயக்குநரின் அந்தக் கொஞ்ச முடி காற்றில் கொடி போல எழுந்து நின்றது. இரண்டாவது படத்தில் அது இடது காதிலிருந்து வலது காதுக்குப் படிந்து கிடந்தது.

தலை வாரிய ஆண்பிள்ளை சீப்பை எங்கே வைப்பான்? முடி இருந்த காலத்தில் நான் எங்கே வைத்தேன்?

நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகளின் தலைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரின் முழங்கால்கள் மடியத் தொடங்கின. அவர் கை பின்னால் நாற்காலியைத் தேடியது. நான் கெஞ்சிக் கெஞ்சி, என் கையாலேயே கொண்டுவந்து போட்ட நாற்காலி. அவர் கடைசியில் என் பேச்சைக் கேட்டு உட்காரப் போனார்.

"உட்காராதீங்க!"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. இயக்குநர் பாதி வழியில் அப்படியே நின்றார். என் அக்கா மகள் பாய்ந்துபோய் நாற்காலியை இழுத்தாள்.

"சார், பின்பாக்கெட்," என்றேன்.

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல்கள் எதையோ தொட்டன. முகத்தில் ரத்தம் சுண்டியது. மிக மெதுவாக, பூனைக்குட்டியை எடுப்பது போல, எலும்புச் சீப்பை வெளியே எடுத்தார். உடையவில்லை. இல்லாத அந்த ஒரு பல்லைத் தவிர எல்லாப் பல்லும் இருந்தன. இரண்டு பற்களுக்கு நடுவே அவருடைய முடி ஒன்றும் சிக்கியிருந்தது. அவருக்கு அது பெரிய நஷ்டம்.

யாரும் பேசவில்லை. நான் விரும்பும் வகையான மௌனம்தான், ஆனால் அதை அனுபவிக்க எனக்குத் தகுதியில்லை.

"கண்ணாடி போடாததால..." என்று இயக்குநர் தொடங்கினார். சிறுமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் ஆயுதம் அவள் கையில் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். அவர் டையைச் சரிசெய்தார். பிறகு குனிந்தார். "உன்னைத் திருடின்னு சொன்னேன். நான்தான் பாக்கெட்டுல வச்சிருந்தேன். என்னை மன்னிச்சிடும்மா."

"உங்க பையைக் கொட்டித் தேடணும்," என்றாள் அவள்.

இடைவெளியின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவளை ஒட்டி வந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீப்பைக் கண்ணருகே வைத்து ஆராய்ந்தார். சிக்கியிருந்த முடியை எடுத்தார். தானே பெட்டிக்குள் குனிந்து, சீப்பை அதன் இடத்தில் வைத்தார். வழிகாட்டி கரண்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வர்ற ஸ்கூலுக்கு என்ன சார் சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"வரச் சொல்லு," என்றார் அவர். "போட்டோ மட்டும் வேண்டாம்."

வழிகாட்டி கதவைச் சாத்திப் பூட்டினாள். ஹாரன் நீளமாக அடித்தது. பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். சிறுமி மட்டும் நகரவில்லை. சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி வழிகாட்டியிடம் நீட்டினாள்.

"நான் தப்பாத்தானே சொன்னேன் அக்கா. இது எனக்கு இல்ல."

வழிகாட்டி சாவிக்கொத்தை உருட்டினாள். சங்கடமான நேரங்களில் நான் செய்வதைச் செய்தேன். கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பிச் சிந்தனையில் ஆழ்ந்தேன். சிறுமியும் கடைசியாக ஒருமுறை பெட்டியைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா! அது! அந்த விளக்குக்குப் பக்கத்துல!"

விளக்குக்கும் செம்புக் கண்ணாடிக்கும் நடுவே, மடிக்கப்படாத கால்களோடு, இயக்குநரின் மூக்குக்கண்ணாடி வீற்றிருந்தது.

வழிகாட்டி பூட்டைத் திறந்தாள். சிறுமி அதைக் கையால் எடுத்து, கூடம் முழுக்க நடந்துபோய், 'இன்று' கூடையில் போட்டாள். இயக்குநர் அதைக் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்து மாட்டிக்கொண்டார். வில்லையை அவரே குத்தி விட்டார். இந்த முறை வகுப்பு கை தட்டியது.

சாலையைக் கடக்கும்போது பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. பின் ஜன்னலில் ஒட்டிய ஒரு பொக்கை வாய் எனக்குக் கையசைத்தது.

"மாமா, நீங்க அந்தப் பெட்டியை எங்களுக்கு முன்னாடியே பார்த்துக்கிட்டு நின்னீங்களே. மூக்குக்கண்ணாடி கண்ணுல படலையா?"

பட்டது. நன்றாகவே பட்டது. அந்தக் காலத்திலேயே மனிதர்கள் கண் மங்கும் வரை எதையோ வாசித்திருக்கிறார்கள் என்று நினைத்து, உருகி நின்றிருந்தேன்.

நான் பதில் சொல்லவில்லை. மௌனம்தான் என் ஆயுதம்.